எட்டாவது என்று போட்ட புத்தகம்

விடிவதற்கு முன்பே போய்ப் புத்தகக் கடை வாசலில் வரிசை கட்டி நிற்கும் வழக்கத்துக்கு அதிக வயதில்லை. 1997 ஜூன் 26 அன்று லண்டனில் ப்ளூம்ஸ்பரி பதிப்பகம் ஹாரி பாட்டரின் முதல் புத்தகத்தை வெளியிட்டபோது கெட்டி அட்டையில் 500 பிரதிகளே அச்சிட்டது. அதிலும் பெரும்பகுதி நூலகங்களுக்குப் போய்விட்டது. இரண்டே வருடத்தில் நிலைமை மாறியது. 1999 ஜூலை 8, வியாழக்கிழமை. மூன்றாம் புத்தகமான ‘பிரிசனர் ஆஃப் அஸ்கபான்’ விற்பனையை மாலை 3.45க்குத்தான் தொடங்கவேண்டும் என்று இங்கிலாந்துக் கடைகளுக்குச் சொல்லிவிட்டார்கள். காலையிலேயே விற்றால் பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிடுவார்கள் என்ற பயம்.

நள்ளிரவு விற்பனை பெரிய திருவிழாவானது அடுத்த புத்தகத்தில். முதல் மூன்றும் இங்கிலாந்தில் முன்பும் அமெரிக்காவில் பின்பும் வந்தன. பொறுக்காத அமெரிக்க வாசகர்கள் கடல் தாண்டி வரவழைத்துப் படித்தார்கள். இதைத் தடுக்கத்தான் ‘கோப்லெட் ஆஃப் ஃபயர்’ 2000 ஜூலை 8 அன்று இரண்டு நாட்டிலும் ஒரே நாளில் வந்தது. அமெரிக்காவில் முதல் அச்சு மட்டும் 38 லட்சம். சிறுவர் புத்தகங்களுக்கு நியூயார்க் டைம்ஸ் தனிப் பட்டியல் தொடங்கியதும் அதே மாதத்தில்தான். பாட்டர் புத்தகங்கள் பொதுப் பட்டியலின் மேல்வரிசையை விட்டு நகராததே காரணம்.

அதன்பின் மூன்று வருடக் காத்திருப்பு. ‘ஆர்டர் ஆஃப் தி ஃபீனிக்ஸ்’ 2003 ஜூன் 21 அன்று வருவதற்குச் சில நாள் முன்னால், இங்கிலாந்தின் மெர்சிசைட் பகுதியில் ஆயிரக்கணக்கான பிரதிகள் ஏற்றிய லாரியையே திருடிக்கொண்டு போனார்கள். அங்கே நள்ளிரவு 12.01 என்றால் நமக்கு விடியற்காலை 4.31. இந்தக் கணக்கைச் சென்னையில் அப்போது பள்ளியில் படித்த எங்கள் கூட்டம் மனப்பாடமாக வைத்திருந்தது. அப்பாக்கள் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கடைக்கு எதிரே டீக்கடையில் நின்றிருப்பார்கள். கடைக்காரர் பெட்டியின் டேப்பைக் கிழிக்கும் சத்தம் கேட்டதும் வரிசை முழுக்க ஒரு கூச்சல் எழும்.

பதிப்பகத்தின் விளம்பர வேலை என்று மட்டும் இந்த வழக்கத்தை எழுதிவைத்தால் அது பாதி வரலாறுதான். மீதிப் பாதி, புத்தகங்களுக்கு இடைப்பட்ட வருடங்களில் வாசகர்கள் செய்த வேலை. ஆறாம் புத்தகம் 2005 ஜூலை 16 அன்று வந்தது. கடைசியில் ஒரு போலி லாக்கெட் கிடைக்கும், உள்ளே R.A.B. என்று கையெழுத்திட்ட ஒரு சீட்டு. நான் படித்து முடித்த மறுநாள் சித்தி மகள் போன் செய்தாள். “அக்கா, அஞ்சாம் புஸ்தகத்தை எடு. சிரியஸ் வீட்டைச் சுத்தம் பண்றாங்களே, அந்த இடத்தைப் பாரு.” எடுத்தேன். அலமாரியிலிருந்து வெளியே எறிகிற சாமான்களுக்கு நடுவே, யாராலும் திறக்க முடியாத கனமான லாக்கெட் ஒன்று, போகிற போக்கில் ஒரே ஒரு வரியில் கிடந்தது. ஆசிரியர் இரண்டு வருடம் முன்னாலேயே அதை அங்கே வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார். ஹாரியின் காட்ஃபாதர் சிரியஸின் தம்பி ரெகுலஸ்தான் அந்த R.A.B. என்று உலகம் முழுக்க வாசகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். 2007இல் ஏழாம் புத்தகம் அதை உறுதி செய்தது.

நாங்கள் வரிசையில் நின்றது இந்த நேர்மைக்காகத்தான். சொன்ன விதி மாறாது, வைத்த பொருள் தொலையாது என்ற நம்பிக்கை அது. ‘டெத்லி ஹாலோஸ்’ வெளியான 2007 ஜூலை 21 அன்று அமெரிக்காவில் ஒரே நாளில் 83 லட்சம் பிரதிகள் விற்றன. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் பிள்ளைகளை வழியனுப்பும் காட்சியோடு கதை முடிந்தது. முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தோம்.

2016 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. கடைகள் மறுபடி நள்ளிரவில் திறந்தன. ‘ஹாரி பாட்டர் அண்ட் தி கர்ஸ்ட் சைல்ட்’ வந்தது. அது நாவல் அல்ல, லண்டன் பேலஸ் தியேட்டரில் முந்தின நாள் அரங்கேறிய இரண்டு பாக நாடகத்தின் எழுத்துப் பிரதி. எழுதியவர் ஜாக் தோர்ன். கதையில் ஹாரி பாட்டர் ஆசிரியர் ரௌலிங்குக்கும் இயக்குநர் ஜான் டிஃபனிக்கும் பங்கு உண்டு. அட்டையிலோ இது எட்டாவது கதை என்றே போட்டிருந்தது. வட அமெரிக்காவில் இரண்டே நாளில் 20 லட்சத்துக்கு மேல் விற்றது. பழைய வழக்கம் அப்படியே உயிரோடு இருந்தது. நானும் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த பழைய தோழிகளோடு போய் வாங்கினேன்.

மத்தியானத்துக்குள் படித்துவிட்டேன். மனம் ஆறவில்லை. நாடக வடிவம் எனக்குக் குறையாகப் படவில்லை. என்னை உடைத்தது காலத்தில் பின்னோக்கிப் போக உதவும் டைம்-டர்னர். மூன்றாம் புத்தகத்தில் அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். காலத்தில் பின்னோக்கிப் போன ஹாரி எதையும் மாற்றுவதில்லை. ஏரிக்கரையில் தன்னைக் காப்பாற்றிய உருவம் தன் அப்பா என்று நினைத்திருந்தவன், அது தானேதான் என்று அறிகிறான். நடந்தது நடந்தபடியே இருக்கிறது. ஐந்தாம் புத்தகத்தில் மந்திர அமைச்சகத்தில் நடக்கும் சண்டையில் அங்கிருந்த டைம்-டர்னர்கள் அனைத்தும் நொறுங்கிப்போகின்றன. ரௌலிங் அந்தக் கதவைத் தானே சாத்தினார். எட்டாவது கதையோ புதிதாக ஒரு கருவியைக் கொண்டுவந்து, போகிற ஒவ்வொரு முறையும் உலகத்தையே மாற்றி எழுதுகிறது.

அதைவிடப் பெரிய வலி ஹாரியின் பள்ளியில் படிக்கும் செட்ரிக் டிகோரி. மூன்றாம் புத்தகத்தில் துடைப்பத்தில் பறந்து ஆடும் ஆட்டத்தின் நடுவே டிமென்டர்கள் என்ற கொடிய உருவங்கள் வந்ததால் ஹாரி துடைப்பத்திலிருந்து விழுகிறான். அதே சமயம் பந்தைப் பிடித்து ஜெயித்துவிட்ட செட்ரிக், நடந்தது தெரிந்ததும் ஆட்டத்தை மறுபடி ஆடலாம் என்கிறான். நான்காம் புத்தகத்தில் போட்டியின் வெற்றிக் கோப்பைக்கு எட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, நீயே எடுத்துக்கொள் என்று ஹாரியிடம் சொல்கிறான். அப்படிப்பட்ட பையன், போட்டியில் ஒருமுறை அவமானப்பட்டதால் வில்லன் வால்டெமார்ட்டின் ஆளாகி ஹாரியின் தோழன் நெவிலைக் கொல்கிறான் என்று நாடகம் சொல்கிறது. மாற்று உலகம்தானே என்பார்கள். உலகம் மாறலாம், அவன் குணம் எப்படி மாறும்? நான்காம் புத்தகத்தில் செட்ரிக் செத்தபோது அழுத வாசகர்கள் அழுதது அந்தக் குணத்துக்காகத்தானே.

மேடையில் அது வேறு அனுபவம் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள், நம்புகிறேன். 2017இல் ஒன்பது ஒலிவியர் விருதுகள் பெற்றது. அதுவரை எந்த நாடகமும் அத்தனை பெற்றதில்லை. மேடையில் கண்ணெதிரே மாயம் நடக்கும்போது விதியைப் பற்றி யார் யோசிப்பார்? நாடகத்தில் வரும் ஸ்கார்பியஸ் மால்ஃபாய் என்ற பையனை எனக்கும் மிகவும் பிடித்தது. தனிமையும் அறிவும் நகைச்சுவையும் உள்ள, பழைய புத்தகங்களில் பிறந்திருக்க வேண்டியவன்.

என் வருத்தம் அச்சிட்டவர்கள் மேல்தான். வாசகரின் காத்திருப்பில் வளர்ந்த ஒரு வழக்கத்தை, காத்திருந்தவர்கள் நினைவில் வைத்திருந்ததையெல்லாம் மறந்த ஒரு பிரதிக்கு அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். நாடகப் பிரதி என்று சொல்லி வழக்கமான நேரத்தில் விற்றிருந்தால் நானும் அப்படியே வாங்கிப் படித்திருப்பேன். நியூயார்க்கில் 2021இல் அந்த நாடகத்தை ஒரே பாகமாகச் சுருக்கி மேடையேற்றினார்கள். அரங்கத்தில் வெட்டலாம், ஒட்டலாம். அது அவர்கள் உரிமை. என் அலமாரியில் ஏழு புத்தகங்கள் ஒரு தட்டில் இருக்கின்றன. இதை நாடகங்களோடு வேறு தட்டில் வைத்திருக்கிறேன்.