இருபத்தோரு இலக்கமும் மூன்று ஆண்டு ஞாயிறுகளும்

பாரீஸில் துறவியர் மடம் ஒன்றில் இருந்தபடி ஐரோப்பாவின் அறிஞர்களோடெல்லாம் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர் மெர்சென் பாதிரியார். 1644இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு பட்டியல் உண்டு. இரண்டின் அடுக்கு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எப்போது பகா எண் கிடைக்கும்? 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய அடுக்குகளில் கிடைக்கும், 257 வரை வேறெதிலும் கிடைக்காது என்றார். நிரூபணம் எதுவும் தரவில்லை.

அந்த 67ஆம் அடுக்கில் வரும் எண் 147573952589676412927. சதுரங்கக் கட்டந்தோறும் நெல்லை இரட்டித்து வைக்கும் கதையில் பலகைக்கு இன்னும் மூன்று கட்டம் சேர்த்தால், மொத்த நெல்மணிகள் சரியாக இத்தனை.

இது பகா எண்ணாக இருந்தால் யூக்ளிட் சொன்ன வழியில் ஒரு நிறைவெண்ணும், அதாவது தன்னைவிடச் சிறிய வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்ணும், கிடைத்துவிடும். அதனாலேயே பலருக்கும் இதன்மேல் கண். ஆய்லர் 1772இல் 31ஐச் சரிபார்த்து முடித்தார். 67ஐத் தொட அதற்குப் பிறகும் நூறாண்டு ஆயிற்று. 1876இல் பிரெஞ்சுக் கணிதர் லூகாஸ், காரணி எதையும் தேடாமலே, ஒரு எண்தொடரின் மீதிகளைக் கொண்டு இது பகு எண் என்று காட்டினார். வீடு பூட்டியிருக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறார், யாரென்று மட்டும் தெரியாது என்கிற நிலை.

ஆளைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. இதன் காரணி எதுவானாலும் 134ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும்; 8ஆல் வகுத்தால் 1 அல்லது 7. சல்லடை நல்லதுதான், ஆனால் 134இன் மடங்குகளை வரிசையாக எண்ணிப் போனால் சிறிய காரணி 14,45,580ஆம் இடத்தில் நிற்கிறது! எட்டின் விதி பாதியைத் தள்ளினாலும் ஏழு லட்சத்துக்கு மேல் மிச்சம். அன்று அச்சில் இருந்த பகா எண் அட்டவணைகளோ ஒரு கோடியைக்கூட எட்டவில்லை. காரணி பத்தொன்பது கோடியில் ஒளிந்திருந்தது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல், இருபடி மீதிகளைக் கொண்டு சல்லடையை மேலும் மேலும் நெருக்கினார்.

1903 அக்டோபர் 31, அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டம். கோல் வாய் திறக்காமல் கரும்பலகைக்குப் போய், ஒரு பக்கம் அந்த 21 இலக்க எண்ணையும் மறுபக்கம் 193707721 × 761838257287 என்ற பெருக்கலையும் போட்டு முடித்தார். இரண்டும் ஒத்துப்போக, அரங்கம் கைதட்டியது. எவ்வளவு காலம் பிடித்தது என்று பின்னாளில் கேட்டபோது, மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். இவை கணிதர் எரிக் டெம்பிள் பெல் பல பத்தாண்டுகள் கழித்து எழுதியவை. கூட்டம் நடந்தபோது அவர் கலிஃபோர்னியாவில் மாணவர். கதைக்கு மெருகேற்றத் தெரிந்தவரும்கூட. அந்த மௌனத்தைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்கலாம். பெருக்கலில் தள்ளுபடிக்கு இடமில்லை. யாரும் போட்டுப் பார்க்கலாம்.

மெர்செனின் பட்டியலில் 257உம் பொய்த்தது. 61, 89, 107 விடுபட்டிருந்தன. பட்டியல் முழுதும் தீர 1947 ஆயிற்று. பகு எண் என்று அறிவதற்கும் அதை உடைப்பதற்கும் உள்ள இடைவெளியை வைத்தே 1977 முதல் ரகசியக் குறியீடுகள் அமைந்தன. கோலின் எண்ணைக் கணினி இன்று நொடிக்குள் உடைத்துவிடும். ஆனால் இரண்டின் 1277ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 385 இலக்க எண், பகு எண் என்று உறுதியாகியும், ஒரு காரணியைக்கூட இன்றுவரை தரவில்லை.