குடல்வாலும் ஒரு குண்டூசியும்

கடலூர்த் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனியார் 1690ஆம் ஆண்டு மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிய வரலாற்றை நாம் அறிவோம். அதற்கு 45 ஆண்டுகளுக்குப்பின் அவர்தம் தலைநகரில் நடந்த ஓர் அறுவையை நம்மில் பலர் அறியோம்.

1735 டிசம்பர் 6. இலண்டன் புனித ஜார்ஜ் மருத்துவமனையில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் குடலிறக்கத்தாலும், மலம் கசியும் புண்ணாலும் துன்புற்றுக் கிடந்தான். கிளாடியஸ் அமியாண்ட் என்னும் அறுவை மருத்துவர் இறக்கப் பையைத் திறந்தார். உள்ளே இருந்தது குடல்வால்! சிறுவன் என்றோ விழுங்கிய குண்டூசி அதனைத் துளைத்து நின்றது. ஏறத்தாழ அரைமணி நேரம் போராடி அவர் அதனை அறுத்து நீக்கினார். சிறுவன் பிழைத்தான். ஈதர் மயக்கமருந்து அறுவைக் கூடத்திற்குள் புகுந்ததோ 1846இல்தான்! வெற்றிபெற்ற முதற் குடல்வால் அறுவையாக வரலாறு இதனையே குறிக்கிறது. குடல்வால் அழற்சி என்னும் பெயரையே 1886இல்தான் அமெரிக்க மருத்துவர் ரெஜினால்டு ஃபிட்ஸ் சூட்டினார்.

அமியாண்ட், பிரான்சிலிருந்து அகதியாய் வந்த குடும்பத்தவர். 1722இல் ஆங்கில அரச குடும்பத்து இளவரசியர் இருவருக்கு அம்மைப்பால் குத்தியவரும் அவரே. அம்முறையைத் துருக்கி நாட்டில் கண்டு இங்கிலாந்துக்குக் கொணர்ந்தவர் மேரி வொர்ட்லி மாண்டேகு சீமாட்டி. கீழ்த்திசை அறிவு மேல்திசை அரண்மனைக்குள் நுழைந்த கதை இது.

இறக்கப் பைக்குள் குடல்வால் சிக்குவதை இன்றும் 'அமியாண்ட் குடலிறக்கம்' என்றே மருத்துவர் வழங்குவர். அரையிறக்க நோயாளர் நூற்றுவரில் ஒருவருக்குக்கூட இது காண்பதரிது. வலது பக்கத்திலேயே பெரும்பாலும் தோன்றும். இறக்கம் இறுகியது என்றெண்ணி அவசரமாகத் திறக்கும்போதே பலமுறை இது வெளிப்படுகிறது. குடல்வால் நலமாயிருப்பின் உள்ளே தள்ளி, வலை வைத்துத் தைக்கலாம். சீழ் பிடித்திருப்பின் அதனை நீக்குவர். நச்சுப் பரவும் என்றஞ்சி வலையைத் தவிர்ப்பர்.

நம் வட்டாரத்தில் மூட்டை சுமப்போரும் வலை இழுப்போரும் மிகுதி. அரையில் தோன்றும் வீக்கத்தை வெட்கத்தால் மனைவியிடமும் மறைப்பவரை நாம் கண்டிருக்கிறோம். சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் 1985இல் மருத்துவக் கல்லூரி எழுந்தது. 2021இல் அது அரசின் நல்வாழ்வுத் துறையைச் சேர்ந்தது. கூப்பிடு தொலைவில் அறுவைக் கூடம் இருக்க, வீக்கம் இறுகி வாந்தியெடுக்கும்வரை வீட்டில் கிடப்பது ஏன்?

அச்சிறுவன் பொறுத்த வேதனையை இன்று எவரும் பொறுக்க வேண்டியதில்லை. வெட்கத்தை விட்டு, வேளையோடு மருத்துவரிடம் சென்றால் போதும்.