பிரேக் பேட்: சூட்டில் பதமாகும் உராய்வுப் பொருள்

சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் இறுக்கிப் பிடித்து வண்டியை நிறுத்துவது பிரேக் பேட். அதன் எஃகுத் தகட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருள், நார், உலோகத் தூள், கிராஃபைட் முதலிய பல சரக்குகளின் கலவை. அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் பீனாலிக் பிசின். 1907-இல் லியோ பேக்கலாண்ட் உருவாக்கிய பேக்கலைட்டின் இனத்தைச் சேர்ந்த இது, ஒருமுறை சூட்டில் இறுகிவிட்டால் மீண்டும் உருகாது.

கலவையை அச்சில் நிரப்பி, சுமார் 150 டிகிரி செல்சியஸில் அழுத்துவார்கள். பிசினை இறுக வைக்கும் ஹெக்சமின் சிதைந்து அமோனியாவை வெளிவிடும். அது போக வழிவிட, அழுத்தும் எந்திரத்தை இடையிடையே நொடிப்பொழுது திறந்து மூடுவது வழக்கம். தவறினால் கொப்புளமும் விரிசலும் விழும். பிறகு பேடுகள் அடுப்புக்குப் போகும். அங்கே சூட்டைப் படிப்படியாக 200 டிகிரி அளவுக்கு ஏற்றிப் பல மணி நேரம் வைத்தால்தான் அரைகுறையாக இறுகிய பிசின் முழுப் பதத்துக்கு வரும்.

பதம் குறைந்த பேட், சிங்கப்பூரின் தேக்கா பக்கம் சிராங்கூன் சாலையில் விளக்குக்கு விளக்கு நின்று நகரும் காரில் காட்டிக்கொடுக்காமல் இருந்துவிடலாம். அதே கார் மலேசியாவில் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரமுள்ள கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது கதை வேறு. ஓயாத பிரேக்கில் பேட் கொதிக்க, மிச்சப் பிசின் வாயுவாகி, பேடுக்கும் தட்டுக்கும் நடுவே படலமாகப் பரவும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு குறைந்துகொண்டே போகும்.

சூடு மிஞ்சினாலும் கேடுதான். பிசின் கருகி, பேட் நொறுங்கும் தன்மை பெற்றுச் சீக்கிரம் தேயும்.

சில தயாரிப்பாளர்கள் பேடின் மேற்பரப்பை மட்டும் 500 டிகிரிக்கு மேல் சிறிது நேரம் சுட்டெடுப்பார்கள். மேலடுக்கிலுள்ள பிசின் முன்கூட்டியே எரிந்துவிடுவதால், புதிய பேட் முதல் சில கடும் பிரேக்குகளில் வழுக்குவது குறையும்.

சிங்கப்பூரில் 1995 ஏப்ரல் 1 முதல் பதிவாகும் வண்டிகளின் பிரேக், கிளட்ச் லைனிங்குகளில் கல்நாருக்கு இடமில்லை. அதன் இடத்துக்கு அராமிட், எஃகு, கண்ணாடி நார்கள் வந்தன. பீனாலிக் பிசினும் அடுப்பும் தொடர்கின்றன. சென்னையில் 1964-இல் தோன்றிய ரானே பிரேக் லைனிங், பாடியிலுள்ள சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் ஆகியவை தமிழ்நாட்டில் இத்தொழிலின் முக்கிய நிறுவனங்களாக வளர்ந்தன.

பதத்தைச் சோதிக்க, பேடின் துகளை அசிட்டோனில் ஊறவைப்பது ஒரு முறை. இறுகாத பிசின் மட்டும் கரைந்து வரும். கரைந்த அளவு கூடினால் அடுப்பின் சூட்டையோ நேரத்தையோ திருத்த வேண்டும்.