காளான் சாறும் புற்றுநோயும்

சிறுசேரி பக்கத்து விவசாயப் பெருமக்களே! காளான் தின்றால் புற்றுநோய் போயிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அதன் வேர் ஜப்பானில் இருக்கிறது. அங்கே சமையலுக்குரிய ஷிட்டாகே காளானிலிருந்து சிஹாரா என்ற விஞ்ஞானி லென்டினான் என்ற சத்தைப் பிரித்து, சுண்டெலிகளுக்கு ஊசி போட்டார். பெரும்பாலானவற்றுக்குக் கட்டி கரைஞ்சு போச்சு, 1969-ல் வெளியிட்டார். அந்தச் சத்து கட்டியை நேரே கொல்லவில்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிட்டது. 1985-ல் ஜப்பான் அரசு அதை இரைப்பைப் புற்றுக்கு அனுமதித்தது. எப்படி? வழக்கமான மருந்தோடு சேர்த்து, ரத்தக்குழாயில் ஊசியாக. கறியாக இல்லீங்க!

நாம் வைக்கோலில் வளர்க்கும் சிப்பிக் காளான் வகையிலும் திருச்சூர் அமலா ஆராய்ச்சி நிலையத்தார் 2000-ல் இதுபோலக் கண்டார்கள். அதுவும் சுண்டெலியில்தான். காளானை நல்ல கறியென்று சொல்லி விற்போம். உடம்பில் கட்டி தட்டுப்பட்டால் அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குப் பஸ் ஏறிடுங்க.