யாழ்ப்பாணத்துச் சிற்றூர் ஆசிரியர்: கல்வெட்டும் வரலாறும்

யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாறு பெரும்பாலும் கல்லூரிகளின் வரலாறாகவும் அவற்றை நிறுவிய பெரியார்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறி, 1824ஆம் ஆண்டில் தோன்றிய உடுவில் மகளிர் பாடசாலை, 1848ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை ஆகியன அவ்வரலாற்றிலே தவறாது இடம்பெறுவன. ஆயின், இந்நிலையங்களில் விளைந்த கல்வியை ஊர்தோறும் கொண்டுசென்று சேர்த்தவர் யாவர் என்ற வினா அத்துணை எழுப்பப்படுவதில்லை. ஓலைக் கொட்டிலிலும் கோயில் மடத்திலும் இருந்து இரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த சிற்றூர் ஆசிரியருக்குச் சிலையுமில்லை, சரித்திரமுமில்லை. குடும்பம், பள்ளி, ஊர் என்னும் மூன்றனுள் அடங்கியது அவர் வாழ்வு. ஊரில் அவர் பெற்றிருந்த மதிப்பு எதன்மேல் நின்றது, அது எவ்விடத்திற் குறைபட்டது, அவர் வரலாற்றை எவ்வாதாரங் கொண்டு எழுதலாம் என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

நவீன பாடசாலை வருமுன்னர் ஊரிலே கல்வி புகட்டியவர் திண்ணைப் பள்ளிச் சட்டம்பியார். விசயதசமி நாளில் ஏடு தொடக்கி, மணலில் விரல்பிடித்து எழுதுவித்து, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நிகண்டு என மனனஞ் செய்வித்தல் அவர் முறை. அவருக்கு மாதச் சம்பளம் என்பது இல்லை. நெல்லும் காய்கறியும் நாட்காணிக்கையும் அவர் வருவாய். அவருடைய உணவு ஊரவர் கையில் இருந்தது. ஊரவர் பிள்ளைகள் அவர் கையில் இருந்தனர். ஆசிரியர்க்கும் ஊருக்கும் இடையில் அமைந்த இவ்வுறவு, சட்டம்பியார் மறைந்த பின்னரும் நெடுங்காலம் நிலைத்தது.

1869ஆம் ஆண்டிலே பொதுக் கல்வித் திணைக்களம் அமைக்கப்பட்டு, உதவி நன்கொடை முறை நடைமுறைக்கு வந்தபோது ஆசிரியர் நிலை மாறிற்று. மிசனரிச் சபைகளும், பின்னர்ச் சைவப் பெருமக்களும் நடத்திய பாடசாலைகளுக்கு அரசினர் பணம் அளித்தனர். அப்பணம் ஆண்டுதோறும் நடைபெற்ற சோதனையில் மாணாக்கர் பெற்ற சித்தியை அளவாகக் கொண்டு வழங்கப்பட்டமையின், பரிசோதகர் வரும் நாள் பள்ளிக்கூடத்துக்கு மட்டுமன்றி ஆசிரியரின் அடுக்களைக்கும் தீர்ப்பு நாளாயிற்று. நியமனமும் நீக்கமும் முகாமையாளர் கையில் இருந்தன. முகாமையாளரின் மனங்கோணாது நடத்தலும் தொழிலின் ஓர் அங்கமாயிற்று. ஆங்கிலப் பாடசாலை ஆசிரியருக்கும் தமிழ்ப் பாடசாலை ஆசிரியருக்கும் இடையிலிருந்த ஊதிய வேறுபாடோ மிகப் பெரிது. ஊர் மதிப்பில் உயர்ந்தும் வருவாயில் தாழ்ந்தும் நின்றவர் தமிழாசிரியர்.

இக்குறைந்த வருவாயிலேதான் குடும்பச் சுமை முழுவதும் ஏற்றப்பட்டது. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமைச் சட்டத்தில் நோக்கத்தக்க ஒரு விதி உண்டு. மணமாகாத ஆண்மகன் தான் தேடிய பொருளைப் பெற்றோரின் பொதுச் சொத்திற் சேர்த்தல் வேண்டும் என்பது அது. சட்டத்தின் கூறுகள் காலப்போக்கில் மாறினும், அவ்விதியின் உள்ளக்கருத்து யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் இருபதாம் நூற்றாண்டிலும் வாழ்ந்தது. சகோதரிகளுக்குச் சீதனந் தேடிக் கொடுத்த பின்னரே தன் மணத்தை நினைத்தல், தம்பிமாரின் படிப்புக்குப் பொறுப்பேற்றல், முதிய பெற்றோரைத் தாங்குதல் என்பன மூத்த மகனுக்கு விதிக்கப்பட்ட கடமைகள். அவன் ஆசிரியனாயின், மாதந்தோறும் வரும் சிறு பணத்தை நம்பிப் பல உயிர்கள் இருந்தன. வன்னியிலோ கிழக்கிலோ மலைநாட்டிலோ நியமனம் பெற்றவர் அங்கு ஒரு சிற்றறையிற் சமைத்துண்டு, மிச்சத்தைக் காசுக்கட்டளையாக ஊருக்கு அனுப்பினார். ஊரிற் கற்பித்தவரோ காலையும் மாலையும் தோட்டத்தில் இறைத்து, இடையிற் பள்ளி நடத்தினார். இல்லத்தரசியின் உழைப்பை இதிலே மறத்தலாகாது. கணவரின் சம்பளத்தைக் குடும்பமாக ஆக்கியவள் அவளே. ஆயினும் பதிவுகளில் அவள் பெயர் ‘பாரியார்’ என்ற ஒரு சொல்லுள் அடங்கிவிட்டது.

இத்தகைய நெருக்கடியிலும் ஆசிரியர் தாம் கற்றலை நிறுத்தினாரல்லர். 1901ஆம் ஆண்டிற் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பரீட்சைகளும், 1921ஆம் ஆண்டிற் சுன்னாகத்தில் தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தின் பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் பரீட்சைகளும் அவருக்கு வழி திறந்தன. குடும்பஸ்தராகிய ஆசிரியர், பிள்ளைகள் உறங்கிய பின் நன்னூலும் தொல்காப்பியமும் விரித்த காலம் அது. பாஷாபிவிருத்திச் சங்கத்தை முன்னின்று வளர்த்த தி. சதாசிவ ஐயர் தாமே வித்தியாதரிசியாகப் பணியாற்றியவர். பிள்ளைகளுக்கு ஏற்ற பாடல்களை ஆசிரியர்களைக் கொண்டே இயற்றுவித்து, 1935ஆம் ஆண்டில் ‘பிள்ளைப் பாட்டு’ என்னுந் தொகுதி வெளிவரச் செய்தவரும் அவரே.

அம்முயற்சியோடு நினைக்கப்படுபவர் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953). வட்டுக்கோட்டையில் இந்து ஆங்கிலப் பாடசாலையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர் அவர். ஆடிப்பிறப்புக் கூழையும் கொழுக்கட்டையையும், கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாடுபொருளாக்கிய அவர் பாடல்கள் பாடநூலேறி, ஈழத்துப் பிள்ளைகள் பல தலைமுறையினரின் நாவிற் பயின்றன. பனையின் பயனைப் பேசும் தாலவிலாசமும் அவர் இயற்றியதே. மைந்தர் இளமுருகனாரும் புலவராய் விளங்கினார். வகுப்பறையிற் கண்ட பிள்ளையும் வாசலிற் கண்ட பனையும் பாட்டாயின என்பதே இங்கு நாம் நோக்க வேண்டுவது. இவ்வகையிற் குரும்பசிட்டியைச் சேர்ந்த கனக. செந்திநாதனும் (1916–1977) குறிப்பிடற்குரியர். ஆசிரியத் தொழில் புரிந்தவாறே ஈழத்து நூல்களையும் எழுத்தாளரையும் தேடி அறிந்து, ‘நடமாடும் நூல்நிலையம்’ எனப் பெயர்பெற்ற அவர், 1964ஆம் ஆண்டில் ‘ஈழத்து இலக்கிய வளர்ச்சி’ என்ற நூலைத் தந்தார்.

இவ்விருவரும் நூலால் நின்றவர்கள். நூல் எழுதாத ஆயிரக்கணக்கானோர் ஊர்ப்பணியால் நின்றார்கள். மலாயாவிலிருந்து மகன் எழுதிய கடிதத்தை வாசித்துக் காட்டுதல், கச்சேரிக்கு விண்ணப்பம் எழுதுதல், காணி உறுதியின் பொருளை விளக்குதல், எல்லை வழக்கு நீதிமன்றம் ஏறாமல் இரு பகுதியாரையும் அழைத்துப் பேசுதல் என்பன அவர்தம் அன்றாடப் பணிகள். ஐக்கிய நாணய சங்கமும் வாசிகசாலையும் தோன்றியபோது காரியதரிசியாகவும் தனாதிகாரியாகவும் ஊர் அவரையே தெரிந்தது. கணக்கெழுத வல்லவர் என்பதனாலன்று. கணக்கிற் பிழைசெய்யார் என்பதனால். கோயிலிலே கந்தபுராணம் படிக்கப்படுங்கால் பயன் சொல்லியவரும் அவரே.

இப்பணிகளுள் வரலாற்று மாணவன் சிறப்பாகக் கருத வேண்டியது கல்வெட்டுப் பாடுதல். யாழ்ப்பாணத்திலே ஒருவர் இறந்து முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நடைபெறும்போது, அவர் நினைவாகச் செய்யுள் நூல் அச்சிட்டு வழங்கும் மரபு உண்டு. அதனையே கல்வெட்டு என்பர். இறந்த மாதம், பக்கம், திதி ஆகியவற்றைக் குறிக்கும் திதி வெண்பா, குலமரபு, ஊர்ச்சிறப்பு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என அது விரியும். இதனைப் பாடிக் கொடுப்பவர் பெரும்பாலும் அவ்வூர் ஆசிரியராகிய புலவரே. வேறெவ்வகையிலும் பதிவு பெறாத கமக்காரனின் பெயரும், அவன் மக்கள் மருமக்கள் பெயரும், அவன் வாழ்ந்த காலமும் அச்சில் நிலைத்தமை அவரால் ஆயது.

எனினும், இச்சான்றை அப்படியே ஏற்றல் ஆகாது. கல்வெட்டுப் புகழைச் சொல்லும், கடனைச் சொல்லாது. ஊருக்கு உழைத்தார் எனக் கூறும். ஊர் என்பதனுள் யார் அடங்கினர் எனக் கூறாது. ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகள் நெடுங்காலம் பல பாடசாலைகளிற் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்டவிடத்தும் தரையிலே தனித்து இருத்தப்பட்டனர். 1920களின் இறுதியில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளித்தல் வேண்டும் எனக் கல்விப் பகுதியினர் பணித்தபோது எழுந்த எதிர்ப்பிற் பாடசாலைகள் சில தீக்கிரையாயின. அவ்வேளை சிற்றூர் ஆசிரியர் எங்கு நின்றார் என்பது அவர் வரலாற்றின் உரைகல்லாகும். முகாமையாளருக்கும் உறவினருக்கும் அஞ்சி வாளாவிருந்தோர் பலர். மறுபுறத்தில், 1924ஆம் ஆண்டில் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிப் பின்னர் வாலிபர் காங்கிரசாக வளர்ந்த இயக்கம், தீண்டாமையை வெளிப்படையாகக் கண்டித்தது. 1927ஆம் ஆண்டிற் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவேற்ற அவ்வியக்கத்தின் முதல்வராகிய ஹன்டி பேரின்பநாயகம், யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியராயிருந்து, 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராய் விளங்கியவர். ஆகவே, அக்கால ஆசிரியர்க்கு வேறு வழியே இருந்ததில்லை என்ற சமாதானம் பொருந்தாது. தன் குடும்பத்துக்கும் தன் சுற்றத்துக்கும் உண்மையாயிருத்தல் எளிது. சுற்றத்தார் விலக்கிய பிள்ளைக்கும் வாங்கில் இடமளித்தவரையே சமூகத்துக்கு உழைத்தவர் என வரலாறு கொள்ளல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆசிரியர் நிலை மீண்டும் மாறிற்று. 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி வந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் வழி உதவி நன்கொடைப் பாடசாலைகளுட் பெரும்பாலன அரசின் முகாமைக்குள் வந்தன. முகாமையாளரின் தயவை நாடும் நிலை நீங்கி, ஆசிரியர் அரச உத்தியோகத்தர் ஆயினர். தொழில் உறுதி பெற்றது. இடமாற்றமும் உடன் வந்தது. ஓர் ஊரில் நாற்பதாண்டு இருந்து தந்தைக்கும் மகனுக்கும் ஏடு தொடக்கும் வாய்ப்பு அருகிற்று. இதனை இழப்பென்று மட்டும் சொல்லுதல் முறையன்று. முன்னைய நெருக்கத்தினுள்ளே அன்பும் இருந்தது, அடக்குமுறையும் இருந்தது.

இவ்வரலாற்றுக்கான ஆதாரங்கள் இன்று மிக அருகியுள்ளன. 1981ஆம் ஆண்டு மே இறுதியிலும் யூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடு துறந்து சென்றபோது, பெட்டகங்களில் இருந்த கல்வெட்டுகளும் கடிதங்களும் கைவிடப்பட்டன. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத் திட்டம் நினைவுமலர்களையும் ஆவணப்படுத்தி வருதல் ஆறுதல் தருவது. ஆயினும், வீடுகளில் எஞ்சியிருப்பன தாமாக அங்கு சென்று சேரா.

ஆதலின், பல்கலைக்கழக மாணவர் விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. தத்தம் ஊர் ஆசிரியர் பாடிய கல்வெட்டுகளைத் தேடிப் படியெடுத்தல். பாடசாலையில் எஞ்சியுள்ள சேர்வு இடாப்பைப் பார்த்து, எவ்வாண்டில் எக்குறிச்சிப் பிள்ளைகள் முதன்முதற் சேர்க்கப்பட்டனர் எனக் குறித்தல். அவ்வாசிரியரிடம் படித்த முதியோரையும், படிக்க இடம்பெறாத முதியோரையும் வினாவுதல். கல்வெட்டு, இடாப்பு, வாய்மொழி ஆகிய மூன்றையும் ஒப்புநோக்கினால், புகழ்ச்சியும் பழிப்பும் நீங்கிய ஓர் ஆசிரியரை நாம் காணலாம். ஊரவர் அனைவருக்கும் கல்வெட்டுப் பாடியவருக்கு நாம் எழுதக்கூடிய வரலாறு அதுவே. இடாப்பின் தாள்கள் செல்லரிக்குமுன், முதியோர் எஞ்சியிருக்கும்போதே, அதனைச் செய்தல் வேண்டும்.