ஓட்டு, வாக்கு, குடவோலை

தேர்தல் அன்னிக்கு எங்க முசரவாக்கம் பக்கம் யாரும் "வாக்களித்து விட்டீர்களா?"ன்னு கேக்க மாட்டாங்க. "ஓட்டு போட்டாச்சா?" அவ்ளோதான். பேப்பர்ல வாக்கு, வாய்ல ஓட்டு. ஒரே காரியத்துக்கு ரெண்டு சொல். ரெண்டும் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தோண்டிப் பாத்தா, கடைசியில நம்ம உத்திரமேரூர் கோயில் சுவத்துல போய் முட்டிக்க வேண்டியிருக்கு.

முதல்ல ஓட்டு. ஆங்கில 'வோட்' நம்ம வாய்ல வகரம் உதிர்ந்து ஓட்டு ஆயிடுச்சு. அந்த வோட்டுக்கு மூலம் லத்தீன் 'வோட்டும்'. அர்த்தம் என்ன தெரியுமா? சாமிக்கு நேர்ந்துக்கறது! நேர்த்திக்கடன். பிள்ளை பிழைச்சா மொட்டை போடறேன்னு வேண்டிக்கறோமே, அதே சமாச்சாரம். ஆங்கிலத்துல சபதத்துக்குச் சொல்ற 'வவ்'வும் இதே வேர்தான். வேண்டுதல்ங்கறது கொஞ்சம் கொஞ்சமா விருப்பம்னு ஆகி, அப்புறம் சபையில தெரிவிக்கற விருப்பம்னு ஆச்சு. இன்னிக்கு நேர்ந்துக்கறவர் ஒருத்தர், மொட்டை போட்டுக்கறது இன்னொருத்தர்ங்கறது தனிக் கதை :-)

வாக்கு வடமொழி 'வாக்'. பேச்சு, குரல். லத்தீனில் குரலுக்கு 'வோக்ஸ்'. ரெண்டும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள்னு மொழியியல்காரங்க சொல்றாங்க. பிரெஞ்சுல குரலுக்கும் ஓட்டுக்கும் ஒரே சொல், 'வுவா'. ஜெர்மன்ல 'ஷ்டிம்மே', ரஷ்யன்ல 'கோலஸ்', அங்கேயும் அப்படித்தான். காரணம் இல்லாம இல்ல. பழைய சபைகள்ல கத்தித்தான் ஆதரவு காட்டுவாங்க. ஸ்பார்ட்டாவுல மூத்தோர் சபைக்கு ஆள் எடுக்க, நடுவர்களை ஓர் அறைக்குள்ள உக்கார வெச்சு, வெளியில யாருக்குக் கூச்சல் அதிகம்னு காதால கேட்டு முடிவு பண்ணினாங்க. சின்னப்புள்ளத்தனம்னு அரிஸ்டாட்டிலே சலிச்சுக்கிட்டார்.

தமிழ் 'வாக்கு' இதுல ஒரு படி மேல. குரல்னும் அர்த்தம், 'வாக்குக் கொடுத்துட்டேன்'னு சொல்றப்போ சத்தியம்னும் அர்த்தம். லத்தீன்காரனோட நேர்த்தியும் பிரெஞ்சுக்காரனோட குரலும் ஒரே சொல்லுக்குள்ள இருக்கு.

கத்தறதை விட்டா பொருளை வெச்சு எண்ணணும். ஏதென்ஸ்ல கூழாங்கல். கிரேக்கத்துல அது 'செஃபோஸ்'. தேர்தல் கணிப்பாளருக்கு இங்கிலீஷ்ல 'செஃபாலஜிஸ்ட்'னு பேர் வந்தது இதனாலதான். ஒருத்தரைப் பத்து வருஷம் ஊரை விட்டு அனுப்பணும்னா உடைஞ்ச பானை ஓட்டுல பேரைக் கீறிப் போடுவாங்க. (ஓடு, ஓட்டு! உடனே கிரேக்கம் தமிழ்லேர்ந்து வந்ததுன்னு கிளம்பிடாதீங்க. வெறும் தற்செயல்.) வெனிஸ்ல சின்ன உருண்டை, 'பலோட்டா'. அதுதான் 'பாலட்'.

இனி நம்ம ஓலை. காஞ்சிபுரத்துலேர்ந்து உத்திரமேரூர் ஒரு மணி நேர பஸ். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு ரெண்டு, 919, 921ம் வருஷத்தவை. வெங்கய்யா 1904-05 தொல்லியல் ஆண்டறிக்கையில வெளியிட்டதுலேர்ந்து பேசாத ஆள் இல்ல. 2020 டிசம்பர்ல புது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினப்போ பிரதமர் பேச்சுலயும் இந்த ஊர் வந்துச்சு.

நடைமுறை இதுதான். ஊர் முப்பது குடும்பு. ஒவ்வொரு குடும்புலயும் தகுதியுள்ளவங்க பேரை ஓலையில எழுதிக் கட்டிக் குடத்துல போடணும். நம்பிமார் எல்லாரும் இருக்கணும். அவங்கள்ல மூத்தவர் குடத்தைத் தூக்கி எல்லாரும் பாக்கக் காட்டணும். விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன் ஓலையை எடுப்பான். நடுவர் அதை அஞ்சு விரலும் விரிய, உள்ளங்கையில வாங்கணும்! கைக்குள்ள வேற ஓலையை மறைச்சு வெச்சு மாத்திடக் கூடாதே. அவர் படிச்சதும் அங்க இருக்கற நம்பிமாரும் படிக்கணும். அந்த விரல் விதியை எழுதினவங்க ஏற்கெனவே நல்லா அடிபட்டிருக்கணும்கிறது என் ஊகம்.

இப்ப சொல்லுங்க, இதுல ஓட்டு எங்க இருக்கு? யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கல. இது குலுக்கல். 'தேர்தல்'னா தேர்றது, லத்தீன் வேர்லயும் பொறுக்கி எடுக்கறதுதான். குடவோலையில பொறுக்கறது விதி. ஏதென்ஸ்லயும் பாதிக்கு மேல பதவிகளுக்குக் குலுக்கல்தான். வெனிஸ்ல தலைவரைத் தேர்ந்தெடுக்கற வேலையில உருண்டை எடுக்க, தெருவுல போற பையனைக் கூட்டிட்டு வருவாங்க. ரெண்டு ஊருக்கும் ஒரே யோசனை: பெரியவங்க கையை நம்பாதே.

அகநானூறு 77ம் பாட்டுலயே கயிறு கட்டின குடத்துலேர்ந்து ஓலை எடுக்கற உவமை வருது. அதனால சோழர் கண்டுபிடிச்சதுன்னும் சொல்ல முடியாது.

"உலகின் முதல் ஜனநாயகம்"னு போஸ்டர் அடிக்கறவங்க தகுதிப் பட்டியலையும் சேத்து அடிக்கணும். கால் வேலிக்கு மேல வரி கட்டற நிலம், சொந்த மனையில வீடு, வயசு 35லேர்ந்து 70, வேதப் படிப்பு. ஊர் சதுர்வேதிமங்கலம், சபை பிராமணர் சபை. உழுதவங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் குடத்துல இடம் கிடையாது. இதை மறைச்சுப் பெருமை பேசினா அது வரலாறு இல்ல.

ஆனா தள்ளுபடிப் பட்டியல் படிச்சா இன்னிக்கும் புல்லரிக்குது. வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவன் கிடையாது. அவனோட சித்தி, பெரியம்மா பிள்ளைங்க, மாமன், மச்சான்னு ஒரு சொந்தமும் கிடையாது. முந்தின மூணு வருஷத்துல இருந்தவனும் கிடையாது. பதவிக்காலம் 360 நாள். தப்பு பண்ணினா அப்பவே நீக்கம்.

தேர்ந்த முப்பது பேர்ல 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், மீதி 6 பேர் ஏரி வாரியம். இந்த 'வாரியம்'தான் இன்னிக்கும் மின்சார வாரியம், குடிநீர் வாரியம், வீட்டுவசதி வாரியம்னு போர்டுல நிக்குது. ஓட்டு இங்கிலீஷ், வாக்கு வடமொழி, குடவோலை பாடப் புஸ்தகத்துக்குள்ள. வாரியம் மட்டும் கரண்ட் பில்லுல வந்துக்கிட்டிருக்கு.

சொல்லாம விட முடியாத இன்னொண்ணு. 2016 அக்டோபர்ல காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராம ஊராட்சிகளோட பதவிக்காலம் முடிஞ்சுது. வழக்கு, வார்டு மறுவரையறை, மாவட்டப் பிரிப்புன்னு இழுத்து, அடுத்த ஊராட்சித் தேர்தல் இங்க நடந்தது 2021 அக்டோபர்ல. அந்த அஞ்சு வருஷமும் தனி அலுவலர் ஆட்சிதான். உத்திரமேரூர் ஒன்றியமும் அதுல அடக்கம்.