சுமத்ராவிலிருந்து காட்டாங்குளத்தூருக்கு நான்கு நிமிடம்

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. சுமத்ராவுக்கு மேற்கே கடலடித் தட்டு முறிந்து பெயர்ந்தபோது நம் கடிகாரத்தில் பிற்பகல் 2:08. நிலநடுக்கத்தின் அளவு 8.6. அதில் பிறந்த அலைகளிலேயே வேகமான பி அலைக்குச் சென்னையை அடுத்த காட்டாங்குளத்தூர் சுமார் 1,850 கிலோமீட்டர்.

அது கடல் தரையை ஒட்டி வரவில்லை. ஆழம் கூடக்கூடப் பாறையில் வேகமும் கூடும். அதனால் நூறு கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, இலங்கைக்குக் கிழக்கே வங்கக் கடலுக்கு அடியில் நொடிக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, வளைந்து மேலேறியது. சுற்றுவழிதான்; ஆனால் சீக்கிரம் வந்து சேரும் வழி அதுவே. ஏறும்போது எதிர்ப்பட்டது பல்லாவரம், வண்டலூர்க் குன்றுகளில் வெளியே தெரிகிற சார்னோகைட் பாறை. நான்கு நிமிடத்துக்குச் சில நொடி முன்பே அலை வந்துவிட்டது. பக்கத்துப் போத்தேரி நிலையத்தில் ரயிலுக்கு நின்றவர்கள் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். சென்னையில் ஜனங்கள் படியிறங்கி ஓடியது, பின்னால் மெதுவாக வந்த மேற்பரப்பு அலைகளின் ஆட்டத்தில்.

இதே பயணத்தைக் கணினியிலும் ஓட்டலாம். தூரத்தைப் பார்த்து நேரத்தைச் சொல்லும் அட்டவணையை நிலநடுக்க ஆய்வாளர்கள் ஜெஃப்ரீஸும் புல்லனும் 1940இலேயே கொடுத்துவிட்டார்கள். ஆனால் அது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரியான பூமிக்கு. சுமத்ராவுக்கு அடியில் தட்டு சரிந்து இறங்கும் இடத்தில் அந்தச் சமச்சீர் கிடையாது. அதனால் பூமியைப் புள்ளிக் கோலம்போலக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அலை ஒவ்வொரு புள்ளியையும் எப்போது தொடுகிறது என்று பக்கத்துப் புள்ளியின் நேரத்திலிருந்து கணக்கிடுகிறார்கள். 1988இல் நிலநடுக்க ஆய்வாளர் ஜான் விடேல் இதற்கு ஒரு வழி தந்தார். 1996இல் கணிதவியலாளர் ஜேம்ஸ் செத்தியன் இன்னொன்று.

இப்படிக் கணக்கிடும்போது கணினி அலை நிஜ அலையைவிடப் பிந்தும்; பிந்தத் தொடங்குவது வழியில் எங்கோ அல்ல, புறப்பட்ட இடத்திலேயே. எளிய முதல்படிச் சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம். புள்ளிகளுக்கு இடையே 10 கிலோமீட்டர், வேகம் நொடிக்கு 8 கிலோமீட்டர். நேராக அடுத்த புள்ளிக்கு 1.25 நொடி; சரிதான். குறுக்கே மூலைப் புள்ளிக்கு 1.77 நொடி ஆக வேண்டும். சூத்திரம் தருவது 2.13. பிறந்த இடத்தில் அலைமுகம் சிறு வட்டமாகக் கூர்ந்து வளைந்திருக்க, சூத்திரமோ அதை நேர்கோடாக எண்ணிக்கொள்கிறது. அந்த 0.36 நொடி ஏறக்குறைய மூன்று கிலோமீட்டருக்குச் சமம். தொலைவில் அலைமுகம் தட்டையாகும்போது புதிய பிழை குறையும்; பழையது அழியாது, கரை வரை கூடவே வரும். கட்டத்தைப் பாதியாகச் சுருக்கினாலும் பிழை பாதிக்குக் குறையாமல் சற்றே மேலே நிற்கும்.

விடேல் இதை அறிந்தே, மூலத்துக்கு அருகில் வட்ட அலைமுகத்தை வைத்துக் கணக்கிட்டார். பின்னால் வந்தவர்கள் இன்னும் நறுவிசாக ஒன்று செய்தார்கள்: ஒரே வேகமுள்ள பாறையில் ஆகும் நேரம் சூத்திரத்திலேயே துல்லியமாகத் தெரியும், அதைத் தனியே பிரித்துவிட்டு, மிச்சமிருக்கும் வழவழப்பான பெருக்குக் காரணியை மட்டும் கட்டத்தில் தேடினார்கள். என்னைக் கேட்டால், கட்டத்தைப் பொடியாக்கிக் கணினியை வாட்டுவதைவிட இதுவே புத்திசாலித்தனம்.

பூமியின் வேக மாதிரியிலேயே ஒரு நொடிக்கு மேல் சந்தேகம் இருக்கும்போது, முதல் அடியில் அரை நொடிக்கும் குறைவான இந்தப் பிழைக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்கலாம். இந்தப் பிழை அங்குமிங்கும் சிதறாது; எப்போதும் தாமதமாகவே, அதுவும் கட்டத்தின் மூலைவாட்டத்தில் அதிகமாக விழும். பதிவான நேரத்தையும் கணித்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பூமியின் உட்புறத்தை வரைபவருக்கு, அந்த வேறுபாடு பாறையினால் வந்ததா கட்டத்தினால் வந்ததா என்று தெரியாது. தெரியாமல் வரைந்தால், வங்கக் கடலுக்கு அடியில் மூலைவாட்டமாக, இல்லாத ஒரு வேகப் பாறை படத்தில் ஏறிவிடும்.